ஒட்டிப் புரண்ட இரண்டு தாள்கள்

என் அன்பு மகனே,

இறைவனின் இரக்கத்தால் சிபாவும் நானும் உடலளவில் நலம். விடுமுறைக்கு வந்த உன் மகள் வேளைக்கு உண்கிறாள், ஆழ்ந்து உறங்குகிறாள். வேலூர் வெயில் அவளை ஒன்றும் செய்துவிடவில்லை. நலமில்லாதது என் மனம். மூன்று வாரமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். முழங்காலில் நின்று மன்றாடி எழுந்த பிறகும் விலகாத பயம் எப்படியிருக்கும் என்பதை எழுபத்து நான்காம் வயதில்தான் அறிகிறேன். அடுத்த சனிக்கிழமை திருப்பத்தூரில் நடக்கும் வேத வசன மனப்பாடப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு நீ அவளை அழைத்துப் போகவிருக்கிறாய். பட்டுப் பாவாடை தைக்கக் கொடுத்தாயிற்று என்றும், கம்பெனியில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாய் என்றும் மருமகள் சொன்னாள். அந்தச் சுற்றில் மனப்பாடப் பகுதி முடிந்ததும், பிள்ளைகள் அதுவரை கண்டிராத ஒரு தாளை மேடையிலேயே கையில் கொடுத்து, சபை முன்பாக வாசிக்கச் சொல்வார்கள். மகனே, நான்காம் வகுப்பை முதல் பரிசோடு முடித்த உன் மகளுக்கு வாசிக்கத் தெரியாது.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால், "சரிப்பா, பாத்துக்கலாம்பா" என்று நீ பேச்சை முடித்துவிடுவாய்; நானும் கடமை தீர்ந்தது என்று ஆறுதலடைந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். மருத்துவமனைப் பணி முடிந்து ஆம்பூர் ரயிலைப் பிடிக்கும் முன் மருமகள் இங்கே வருவாள். அவள் கையில் உறையை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்காதே. எழுத்தைப் பெரிதாகவும் வரியை அகலமாகவும் விட்டிருக்கிறேன். உனக்கு எட்டு நாள் இருக்கிறது. ஓர் அட்டையை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்தால் போதும். வாசிப்பு உனக்கு எத்தனை பாரம் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பதை உன்னிடம் சொல்லாமலே முப்பத்தொரு ஆண்டுகளைக் கடத்திவிட்டேன். அந்தக் குற்றத்தையும் இந்தத் தாள்களில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் காலை ஜெபத்தில் இது எனக்குத் தெரியவந்தது. வழக்கம்போல் பெரிய வேதப்புத்தகத்தைச் சிபாவின் மடியில் வைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை வரியின்மேல் ஓட்டி, தாழ்த்த வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்தி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தாள். பக்கம் முடிந்தது, தாளைப் புரட்டினாள். பழைய புத்தகம், மெல்லிய தாள். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாய்ப் புரண்டன. அவள் முன் விரிந்து கிடந்தது வேறொரு பகுதி. அவள் குரலோ தடுமாறவில்லை. ஒட்டிய தாள்களுக்கு நடுவே மறைந்துபோன பக்கத்தை, ஓர் எழுத்தும் பிசகாமல், அங்கே இல்லாத வரிகளின்மேல் விரலை நகர்த்தி நகர்த்தி வாசித்துக்கொண்டே போனாள். முடிந்ததும் நான் ஆமென் சொன்னேன். அப்படி நகர்ந்த விரலை நான் முன்பே ஒரு பிள்ளையிடம் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை நீ.

மூன்றாம் நாள், பால் குடித்துக்கொண்டிருந்தவளிடம் செய்தித்தாளில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டேன். அவள் பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தம்ளரைக் கீழே வைத்தாள்.

"தாத்தா, அப்பாகிட்ட சொல்லாதீங்க."

"ஏம்மா? அடிப்பாரா?"

"அடிக்க மாட்டாரு. அழுவாரு."

"எதுக்கு அழணும்?"

"டெய்லி சாயந்தரம் நான்தான் அப்பாவுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவேன். காலைல டிவில வந்தத அப்படியே சொல்லுவேன். மீதிய நானா சேத்துக்குவேன். அப்பா கண்ண மூடிக்கிட்டு 'ம், ம்'னு கேப்பாரு. ரொம்ப சந்தோஷமா இருப்பாரு."

"நீயா சேத்துக்கிட்டா அப்பா கண்டுபிடிக்க மாட்டாரா?"

"இன்னா தாத்தா நீங்க! அப்பாவுக்கும் படிக்க வராதே. கம்பெனிலேர்ந்து எதுனா பேப்பர் வந்தா, கண்ணு எரியுதுன்னு அம்மாகிட்ட தள்ளிடுவாரு. எனக்கு எப்பவோ தெரிஞ்சுபோச்சு. நான்தான் சொல்லல. பாவம்."

ஒன்பது வயதுப் பிள்ளை தன் தகப்பனுக்காக இரக்கப்பட்டு ரகசியம் காத்திருக்கிறாள். நீயும் ஒன்றும் அறியாமலே தலையாட்டியிருக்கிறாய். ஒரே செய்தித்தாளின் இரு பக்கமும் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் காப்பாற்றி வந்திருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் தலைமேல் கை வைத்துச் சொன்னேன். அந்த வாக்கிலிருந்து நேற்றுதான் என்னை விடுவித்தாள்.

இனி என் பாவத்துக்கு வருகிறேன். நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது உன் வகுப்பாசிரியை சுகுணா டீச்சர் ஒரு மாலை நம் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்காது. உன்னை விளையாட அனுப்பியிருந்தோம். அதே பள்ளியில் நான் மூத்த தமிழாசிரியன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "சார், பையன் புஸ்தகத்தப் பாத்துப் படிக்கல. காதால கேட்டத சொல்றான். நடுவுல ஒரு வார்த்தையத் தொட்டுக் கேட்டா, மொதல் வரிலேர்ந்து முணுமுணுத்துக்கிட்டே வந்துதான் அங்க சேர்றான்" என்றார். "என் வீட்ல பொறந்தவனுக்கா டீச்சர் படிக்கத் தெரியாது?" என்றேன். "கோவப்படாதீங்க சார். இப்பவே எழுத்துலேர்ந்து புடிச்சா சரி பண்ணிடலாம். விட்டுட்டா கஷ்டம் ஜாஸ்தி ஆய்டும்" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை மறக்கவே முடியவில்லை: "நீங்க பாடம் நடத்துறது கம்மி, புள்ளைங்களக் குத்தம் சொல்றதுதான் ஜாஸ்தி." உன் அம்மா கொண்டுவந்த காபியைத் தொடாமலே அவர் எழுந்து போனார். மறுநாள் தலைமையாசிரியரிடம் பேசி அவரை வேறு வகுப்புக்கு மாற்றச் செய்தேன். அன்றிரவே உன் அம்மா, "ஒரு தடவ நாமளே சோதிச்சுப் பாத்துடலாமே" என்றாள். நான் சோதிக்கவில்லை. உன்மேல் நம்பிக்கை என்று அவளிடம் சொன்னேன். உண்மை வேறு. சோதித்தால் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அந்த மாதமே நீ மேடையேறி நீண்ட பகுதி ஒன்றைப் பிழையின்றிச் சொல்லிப் பதக்கம் வாங்கினாய். முன்வரிசையிலிருந்து நான் கண்ணீர் விட்டேன். பார்த்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

கண் மங்கிய ஒரு தகப்பன், ஆட்டுத்தோலைப் போர்த்தி வந்த மகனின் கையைத் தடவிப் பார்த்து ஏமாந்த வேதக் கதையைப் பலமுறை சபையில் விளக்கியிருக்கிறேன். அந்த முதியவருக்காவது குரலில் சந்தேகம் வந்தது. எனக்குக் கண் தெளிவாக இருந்தது; உன் குரலின் இனிமையில் நானாகவே கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டுக் கற்பதை நம் பழம்புலவர்கள் உயர்த்திப் பாடியிருக்கிறார்கள் என்று எனக்கு நானே ஆதாரமும் தேடிக்கொண்டேன். நம் மொழியில் ஒப்புவித்தல் என்று ஒரு சொல் உண்டு. பாடத்தைப் பார்க்காமல் சொல்வதற்கும் அதுதான் சொல். கையிலிருப்பதைப் பிறரிடம் சேர்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதற்கும் அதுதான் சொல். நாற்பது ஆண்டு வகுப்பறையில் "ஒப்பி, ஒப்பி" என்று பிள்ளைகளை நிறுத்திவைத்தேன். ஒப்பித்து முடித்த பிள்ளையின் கையில் என்ன மிஞ்சியது என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

எட்டாம் வகுப்பில் புத்தகங்கள் பெருகின. உன் காது தாங்கவில்லை. படித்துக்காட்ட அம்மாவுக்கும் நேரமில்லை. மதிப்பெண் சரிந்தபோது நீ சோம்பேறியாகிவிட்டாய் என்று தீர்ப்பளித்தேன். அடித்தேன். பத்தாம் வகுப்பில் தோற்று வந்த நாளில், அடுத்த வீட்டார் கேட்கும்படி, "மண்டைல மூளை இருக்குதா, பச்சத் தோல் இருக்குதா?" என்று கத்தினேன். இரண்டு வாரம் கழித்து ஆம்பூரில் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "பச்சத் தோலுக்கு அங்கதான்பா வேல" என்றாய். அன்று மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இன்று கேட்கிறேன். வேலை இழிவானது என்பதால் கேட்கவில்லை. நீ உழைத்து நிமிர்ந்து நிற்கிறாய். உனக்கு இருந்த சிரமத்தைச் சரிசெய்ய முடியும் என்று ஓர் ஆசிரியை என் வீட்டு வாசலேறி வந்து சொன்னார்; நான் அதை மறைத்து, உனக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தேன். அதற்காகக் கேட்கிறேன்.

சிபாவின் சம்மதத்தோடு, ஆனால் உன்னிடம் கேளாமல், அவளை ஓரிடத்துக்கு அழைத்துப் போனேன். மருத்துவமனையை அடுத்த தெருவில், கற்பதில் சிரமமுள்ள பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய அறையில் வகுப்பு நடத்துகிறார் ரெஜினா டீச்சர். முதல் நாள் அவர் சிபாவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு சொல்லில் தடுக்கியதும் என் வாய் தானாக அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டது. டீச்சர் திரும்பினார். "ஐயா, நீங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டு உக்காருங்க. நீங்க ஒரு வரி சொன்னீங்கன்னா அவ காதால திருடிக்குவா. அப்புறம் கண்ணு எதுக்கு வேல செய்யும்?" என்றார். சிபா சிரித்தாள். என்னிடம் யாரும் வகுப்பில் அப்படிச் சொன்னதில்லை. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு அந்த மூலையில் நானும் ஒரு மாணவனாக உட்காருகிறேன்.

அங்கே நான் கண்டதைச் சொல்கிறேன். லாங் பஜாரில் வாங்கிய ரவையைத் தட்டில் பரப்பி, ஓர் எழுத்தை விரலால் எழுதிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லச் சொல்கிறார். ஒரு சொல்லை முழுதாய்க் காட்டுவதில்லை. அட்டையால் மறைத்து, துண்டு துண்டாய்த் திறக்கிறார். மகனே, வெண்பாவைச் சீர் சீராகவும் அசை அசையாகவும் பிரித்துக் காட்டியே சம்பளம் வாங்கியவன் நான். என் சொந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்லைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே! நான்கு வரி படித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, படித்ததைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்கிறார். அதே வார்த்தையில் சொன்னால் ஏற்றுக்கொள்வதில்லை. முதல் வாரம் முழுவதும் அவர் கொடுத்த வீட்டுப்பாடம் ஒரே வாக்கியம்: "இது எனக்குத் தெரியல, எந்த எடத்துல தெரியலன்னா இங்க." அதை விரல் வைத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். சிபாவுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. தெரியாத இடத்தைக் குரலால் மூடிப் பழகியவள் அல்லவா? மூன்றாம் நாள் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அழுதாள். ஐந்தாம் நாள் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அதுவே பெரிய தேர்ச்சி என்றார் டீச்சர்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோது, உன் அம்மா காலமான வாரத்தில் நீ சொன்னது எனக்கு விளங்கியது. கட்டிங் பிரிவில் சேர்ந்த புதிதில், தோலில் முள் கீறல் எது, உண்ணி கடித்த தழும்பு எது என்று பிரித்தறியாமல் நீ நல்ல தோலைப் பாழாக்கிக்கொண்டிருந்தாயாம். உனக்கு மேலிருந்த கரீம் பாய் ஒரு நாளைக்குப் பத்தே துண்டுகளைக் கொடுத்து, "கண்ணு ஓடுது, கை நிக்குது தம்பி. கண்ண மூடு. வெரலு இன்னா சொல்லுதோ அத வாயால சொல்லு. தப்புன்னா பரவால்ல. எங்க தப்புன்னு நீயே கண்டுபுடி" என்பாராம். பத்து முடிந்ததும், "போதும், போய் டீ குடி" என்று விரட்டுவாராம். மறுநாள் புதுத் துண்டுகளுக்கு நடுவே நேற்றைய மூன்றைச் சொல்லாமல் கலந்துவைப்பாராம். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் அதைத் தொழிற்சாலைக் கதையாகக் கேட்டு மறந்தேன். கொஞ்சமாய் எடு, தடவிப் பார், வாய்விட்டுச் சொல், தவறின் இடத்தை நீயே தேடு, நிறுத்து, மறுநாள் பழையதையும் தொடு: ரெஜினா டீச்சர் சிபாவுக்குச் செய்வதெல்லாம் இதுதான். கற்கும் வழியை என் பள்ளி உனக்குத் தரவில்லை; ஒரு தோல் மேசை தந்தது. ஆகவே இந்த வீட்டில் கற்பது எப்படி என்று அறிந்தவன் நீ ஒருவனே. அவளோடு சேர்ந்து உட்கார். உன்னைப் பற்றியும் டீச்சரிடம் கேட்டேன். "வயசெல்லாம் ஒரு கணக்கே இல்லைங்க. அவர வரச் சொல்லுங்க. ஆனா நீங்க கூட வராதீங்க" என்றார்.

ஆனாலும் இது ஒரு வாரத்தில் முடிகிற காரியமில்லை. இரண்டு ஆண்டும் ஆகலாம். சனிக்கிழமைக்குள் அவளுக்கு மேடைத் தாள் வாசிக்க வராது. எனக்குத் தெரிந்த வழிகள் எல்லாம் பயந்தவனின் வழிகள். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். போட்டிக் குழுவில் என் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். தாளில் என்ன வரும் என்று முன்கூட்டியே கேட்டு, அவளுக்குச் சொல்லிவைத்துவிடலாமா என்றுகூட, இந்த நரைத்த தலை ஒரு மாலை முழுதும் யோசித்தது. ஜெபத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல முயன்றேன், முடியவில்லை; அதனால் அது தவறு என்று தெரிந்தது. பின்பு வேறு வழியின்றி அவளிடமே கேட்டேன்.

அவள் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "நான் போறேன் தாத்தா. மனப்பாடம் எனக்கு நல்லா வரும், அத சொல்லிடறேன். பேப்பர் குடுத்தாங்கன்னா, எனக்கு இன்னும் படிக்க வரல, இப்பதான் கத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லிட்டு எறங்கிடறேன்" என்றாள்.

"அத்தன பேர் முன்னாடியா? சிரிப்பாங்களேம்மா."

"சிரிக்கட்டும். பொய்யா படிச்சா வயித்த வலிக்குது தாத்தா. நீங்க அப்பாகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா அழுதுடுவேன்." பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்: "ஏன் தாத்தா, நான் எறங்கி வந்தா அப்பா எம்மூஞ்சியப் பாப்பாரா?"

மகனே, நீ மென்மையானவன், அவள்மீது ஒருநாளும் கை ஓங்கியதில்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் தோற்று நீ வீட்டுக்குள் வந்தபோது, கத்தி முடித்த பிறகு நாற்பது நாள் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றுத் தட்டைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், வேதத்தைத் திறந்து அதைப் பார்த்தேன். அந்த வழக்கம் இரத்தத்தில் இறங்குமா? கம்பெனி ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, உன் மகள் வெறுங்கையோடு மேடைப் படி இறங்கும் அந்த ஒரு நிமிடத்தில், உன் கழுத்து தானாகத் திரும்பிவிடுமா? உனக்குள் நான் எவ்வளவு மிச்சமிருக்கிறேன் என்று தெரியவில்லை. மூன்று வாரமாக என்னை ஆட்டிவைக்கும் பயம் அதுதான். சபையின் சிரிப்பை எண்ணி இப்போது நான் பயப்படவில்லை.

போகலாமா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். அவளுக்குத் தகப்பன் நீ. வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்பதை உன் வாயால் அவளுக்குச் சொல். போகலாம் என்றால் முன்வரிசையில் உட்கார். அவள் கேட்ட கேள்விக்கு, உங்கப்பாவையே கேள் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை வண்டியில் அவளை ஆம்பூருக்கு அழைத்து வருகிறேன். நீ நிலையத்துக்கு வருவாய். கூட்டத்தில் உன்னைக் கண்டதும் என் கையை உதறிவிட்டு அவள் ஓடுவாள், வாயால் எதையும் கேட்கமாட்டாள். நிமிர்ந்து உன் முகத்தைப் பார்ப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா